ரத்து செய்

அழைப்புமணியை அவள் மறுபடியும் அழுத்தினாள். உள்ளே அது கிணுகிணுத்து ஓய்ந்தது. செருப்புச் சத்தம் வரவில்லை, தாழ்ப்பாளும் அசையவில்லை. கையிலிருந்த போனில் வெள்ளைப் பெட்டி ஒன்று முளைத்து நின்றது. 'வேலையைத் தொடங்க, வாடிக்கையாளரிடம் ஓடிபி பெற்றுப் பதிவிடவும்.' கீழே இரண்டு பொத்தான்கள்: 'தொடங்கு', 'ரத்து செய்'.

முடியாதவர்களை வீடு தேடிப் போய்ப் பார்த்துக்கொள்கிற வேலை அவளுக்கு. எந்த வீடு, எத்தனை மணிக்கு என்று சொல்வதும், தப்பு நடந்தால் கண்டிப்பதும் போனில் இருக்கும் ஆப்தான். இந்த வீட்டில் வாடகைக்குக் குடியிருப்பவர் பேருந்துக் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் வெளிநாட்டில். பேருந்துக்குப் பின்னால் ஓடிவரும் சனங்களை ஆயுசு முழுக்கப் பார்த்தவர் என்பதால், மூச்சிரைக்க மாடியேறி வருகிறவளுக்கு 'ஓட்டக்காரி' என்று பெயர் வைத்திருந்தார். காலையில் தன் போனுக்கு வரும் ஓடிபியை, நிறுத்தத்தின் பெயரைக் கூவுவதுபோல் கூவுவார். "ஏழு இறங்கு! ரெண்டு இறங்கு! முன்னாடி போம்மா, முன்னாடி போ!" அவள் சிரித்துக்கொண்டே பதிவிடுவாள். கணவன் போய்ச்சேர்ந்த பிறகு, அவளுடைய வாடகை அறையில் மின்விசிறியைத் தவிர வாய் திறக்க ஆளில்லை. நாள் முழுக்கப் பேசும் பேச்சில் முக்கால்வாசி இந்த வீட்டில்தான்.

அவருடைய எண்ணுக்கு அடித்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் போன் ஒலிப்பது கேட்டது. யாரும் எடுக்கவில்லை.

கம்பெனியின் உதவி எண்ணுக்கு அடித்தால், பதிவு செய்த குரல் ஆப்பில் உள்ள பொத்தானைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. பெட்டியை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். அந்த இரண்டு பொத்தான்கள்தான்.

கீழே ஓடிப்போய்க் காவல்காரரைக் கூட்டிவந்தாள். அவர் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"ஒடச்சிட்டு, அவர் சும்மா தூங்கிட்டு இருந்தார்னா? என் வேலைக்கில்ல உலை வைப்பாங்க?"

"நான் ஒடச்சேன்னு சொல்லுங்கண்ணே. தள்ளுங்க."

இருவரும் தோளைக் கொடுத்தார்கள். தாழ்ப்பாள் மரத்தைப் பிய்த்துக்கொண்டு வந்தது. குளியலறை வாசலில் கண்டக்டர் ஒருக்களித்துக் கிடந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. கண் மட்டும் அவளைப் பார்த்தது.

ஆம்புலன்ஸ் வந்தது. அவளும் ஏறிக்கொண்டாள். அசைய முடிந்த கையால் அவர் அவளுடைய துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டார். வண்டி முனை திரும்பியதும் போன் அதிர்ந்தது. 'நீங்கள் பணியிடத்தை விட்டு விலகிச் செல்கிறீர்கள்.' பொத்தான்கள்: 'திரும்புகிறேன்', 'ரத்து செய்'.

மகனுடைய எண் அந்தப் பெட்டிக்குப் பின்னால் இருந்தது. ஆப்பில் மட்டும்தான் இருந்தது. பெட்டி போனால்தான் அதை எடுக்க முடியும். 'திரும்புகிறேன்' என்று பொய்யாக அழுத்தினாள். பெட்டி மறைந்து, விரல் எடுப்பதற்குள் மறுபடி வந்து நின்றது. மறுபடி அழுத்தினாள். மறுபடி வந்தது.

"குடும்பத்துல யாருக்காவது சொல்லுங்கம்மா, சீக்கிரம்" என்றார் ஆம்புலன்ஸ்காரர்.

அவள் 'ரத்து செய்' அழுத்தினாள். பெட்டி போனது. கூடவே கண்டக்டரின் பெயர், முகவரி, மகனின் எண் எல்லாமே போய், வெற்றுத் திரை ஒளிர்ந்தது.

கடைசியில் காவல்காரர்தான் வீட்டுச் சொந்தக்காரரைப் பிடித்து மகனுக்குச் சேதி சொன்னார். மருத்துவமனையில் செவிலி கேட்டாள்: "நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"பாத்துக்க வர்றவ."

"டியூட்டியில இருக்கீங்களா?"

ஓட்டக்காரி போனைப் பார்த்தாள். "இல்ல" என்றாள்.

"அப்ப வெளியில இருங்க."

மகனின் நண்பர் ஒருவர் வரும்வரை அவள் நடையில் சுவரோரமாக நின்றிருந்தாள். கண்டக்டர் பிழைத்துக்கொண்டார் என்று அவர் வந்து சொன்னபோது, வெளியே வெயில் தாழ்ந்திருந்தது.

மறுநாள் காலை பெட்டி வந்தது. 'வாடிக்கையாளரின் இடத்தை விட்டு விலகிப் பணியை ரத்து செய்ததால் உங்கள் கணக்கு நிறுத்தப்பட்டது.' இந்த முறை ஒரே பொத்தான். 'சரி.'

கம்பெனி அலுவலகத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு இளைஞன் இருந்தான். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டான். உண்மையிலேயே வருத்தப்பட்டான்.

"நீங்க பண்ணது நல்ல காரியம்க்கா. ஆனா இங்க 'ரத்து'ன்னுதான் காட்டுது."

"நடந்தத அதுல எழுதுங்க தம்பி."

அவன் திரையை அவள் பக்கம் திருப்பினான். "எழுத எடமே இல்லக்கா, பாருங்க. எனக்கும் ரெண்டு பட்டன்தான். 'ஏற்கிறேன்', 'மூடு'."

"ஏற்கிறேன்னா என்ன?"

"நிறுத்தினத நான் ஏத்துக்கறேன்னு அர்த்தம்."

அவள் எழுந்து வந்தாள்.

ஒரு தொழிற்சாலை உணவுக்கூடத்தில் பாத்திரம் தேய்க்கும் வேலை கிடைத்தது. இயந்திர இரைச்சலில் அங்கே யார் பேசினாலும் காதில் விழாது. அறைக்கு வந்தால் போனும் ஊமையாகக் கிடந்தது. சில நேரம் அவள் சத்தமாக இருமிக்கொள்வாள், தொண்டை இருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

ஒரு விடுமுறை நாளில், பொறுக்க மாட்டாமல், பழம் வாங்கிக்கொண்டு கண்டக்டர் வீட்டுக்குப் போனாள். கதவில் புதுத் தாழ்ப்பாள் போட்டிருந்தார்கள். திறந்தவள் சின்னப் பெண். கம்பெனிச் சீருடை இன்னும் கஞ்சி மொடமொடப்போடு இருந்தது.

"முன்னாடி இங்க வந்துட்டிருந்த அக்காவா? காவல்கார அண்ணன் சொன்னாரு. உள்ள வாங்கக்கா. ஐயாவுக்குப் பேச்சு தெளிவா வரல. ஆனா வாசல்ல சத்தம் கேட்டா போதும், கழுத்தத் திருப்பப் பாப்பாரு."

ஓட்டக்காரி உள்ளே காலெடுத்து வைத்தாள். கூடத்துக் கோடியில் சக்கர நாற்காலி சன்னலைப் பார்த்து இருந்தது. அவருடைய பின்னந்தலை மட்டும் தெரிந்தது. முடி வெட்டிவிட்டிருந்தார்கள். காதோரம் ஒரு பக்கம் கோணல்.

அவள் வாயெடுக்கும் முன் அந்தப் பெண்ணின் போன் ஒலித்தது. பெண் அதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"புதுசா கேக்குதுக்கா. தப்பா அழுத்தினது தெரிஞ்சா..." முடிக்காமல் போனை நீட்டிக் காட்டினாள்.

'வீட்டில் வெளியாட்கள் யாரேனும் இருக்கிறார்களா?'

'ஆம்.' 'இல்லை.'

பெண்ணின் கட்டைவிரல் இரண்டுக்கும் நடுவே நின்றது. ஓட்டக்காரி அந்த விரலைப் பார்த்தாள். நாற்காலியைப் பார்த்தாள். பிறகு பழப்பையைப் பெண்ணின் கையில் கொடுத்துவிட்டு, ஓரடி பின்வாங்கி நிலைப்படியைத் தாண்டி வெளியே நின்றாள்.

"இப்ப அழுத்தும்மா."

பெண் 'இல்லை' அழுத்தினாள். தலை நிமிராமல் கதவைச் சாத்தினாள்.

உள்ளே நாற்காலிச் சக்கரம் கிறீச்சென்றது. நின்றது. மறுபடி கிறீச்சிட்டு, வாசல் பக்கமாக மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.