பென்னியின் கட்டைவிரலில் நின்ற மெயினருவி

போன ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில், தென்காசியில் மெக்கானிக் பென்னி ஒரு வேனின் பெட்ரோல் ரெகுலேட்டரைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, குற்றாலம் மெயினருவியின் தண்ணீர் பாதி வழியில் அந்தரத்தில் நின்றது.

வேன் சிவசைலத்துடையது. வாடகைக்கு ஓடுவது, சில நாட்களாக ஏற்றத்தில் திணறியது. இன்ஜினுக்குப் போகும் பெட்ரோலின் அழுத்தத்தை அளவாக வைத்திருப்பது ரெகுலேட்டர் என்ற சின்ன டப்பி. எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதை, இன்ஜின் காற்றை உறிஞ்சும் இழுப்பு ஒரு மெல்லிய ஓஸ் வழியாக அதற்குச் சொல்லும். சோதிப்பது எளிது. பெட்ரோல் குழாயில் அழுத்தம் காட்டும் கேஜை மாட்டி, இன்ஜினை ஓடவிட்டு, ஓஸைப் பிடுங்க வேண்டும். முள் ஏறினால் டப்பி நல்லது. பிடுங்கிய ஓஸ் வெளிக்காற்றை இழுத்து இன்ஜினைத் தடுமாறச் செய்யும் என்பதால், அதன் வாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொள்வது மெக்கானிக்குகளின் வழக்கம். பென்னி அடைத்தார். முள் ஏறியது. பக்கத்தில் நின்ற சிவசைலத்தின் போன் அடித்தது; அவர் ஸ்பீக்கரில் போட்டார்.

அழைத்தது மூக்கம்மாளின் தம்பி, அருவியில் காவலுக்கு நின்ற போலீஸ்காரன் சுபாஷ். மூக்கம்மாள் சிவசைலத்தின் மனைவி. "அத்தான், தண்ணி மேலயே நிக்கி. விழ மாட்டேங்கி. அக்கா அதுக்கு நேர் கீழ நிக்கா" என்றான். பென்னியின் விரல் சற்று நழுவியது. "ரெண்டு குடம் விழுந்திட்டு அத்தான்" என்றான் சுபாஷ். பென்னி விரலை மறுபடி அழுத்தினார். மலையிலிருந்து வந்த தண்ணீரெல்லாம் நின்ற தண்ணீரின்மேல் ஏறி, தேர் உயரத்துக்குச் சேர்ந்துகொண்டிருந்தது. சிவசைலம் எப்போதும் ரிசர்வ் பெட்ரோலிலேயே வண்டி ஓட்டுகிறவர். இன்ஜின் அணைந்தால் இழுப்பு போய்விடும்; இழுப்பு போனால் அவ்வளவும் அவள் தலையில்.

மற்றப் பெண்கள் ஓடி வெளியே வந்துவிட்டார்கள். மூக்கம்மாள் வரவில்லை. சுபாஷ் தன் போனையும் ஸ்பீக்கரில் போட்டு அவளை நோக்கி நீட்டினான்.

"ஏட்டி, வெளிய வா" என்றார் சிவசைலம்.

"தல நெறைய எண்ணெ வச்சிருக்கேன். இப்பிடியே பஸ்ல ஏறச் சொல்லுதியளா? தண்ணி விழட்டும்."

"விழுந்தா நீ இருக்க மாட்ட. பென்னி அண்ணாச்சி விரல வச்சுப் பிடிச்சிட்டு நிக்காரு."

"அப்ப அவர மெல்லமா விடச் சொல்லுங்க."

பென்னி விரலை நகத்தளவு விலக்கினார். அவள் "இன்னும் கொஞ்சம்", "போதும்" என்று சொல்லச் சொல்ல, எண்ணெய்ப் பிசுக்குப் போகும்வரை குடத்தைச் சாய்த்ததுபோலத் தண்ணீர் விழுந்தது. இன்ஜின் இருமத் தொடங்கியது. அவள் கூந்தலைப் பிழிந்துகொண்டு படியேறி முடித்ததும் வேன் அணைந்தது. அங்கே தண்ணீர் மொத்தமும் விழுந்து, கம்பித் தடுப்பு காகிதமாக மடங்கியது. இங்கே தென்காசியில் கடை ஷட்டர்கள் அதிர்ந்தன. சிவசைலம் ஒரு டயர்மேல் உட்கார்ந்தார். டப்பி நன்றாக இருக்கிறது, கோளாறு பம்ப்பில்தான் என்று பென்னி சொன்னார்.

பம்ப்பை மாற்றியபின் வேன் ஏற்றத்தில் திணறவில்லை. செவ்வாயும் வெள்ளியும் மூக்கம்மாள் குளிக்கப் போகிறாள். சிவசைலம் வேனை அருவிக்கரையில் நிறுத்தி ஓடவிட்டு, முன்சீட்டைத் தூக்கி, அதனடியில் இருக்கும் இன்ஜினுக்குள் கைவிட்டு ஓஸின் வாயை அடைத்தபடி நிற்கிறார். தண்ணீர் பலமாக அடித்தால் பக்கத்தில் குளிக்கும் பெண்கள், "யக்கா, அண்ணன்ட்ட கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்க" என்கிறார்கள்.