மாப்பிள்ளையின் கூடாரம்

இப்ராஹிமுக்குத் தன் மருமகன் ஆரிப்பை உட்கார்ந்த நிலையில்தான் தெரியும். கல்யாணமாகி இரண்டு வருடத்தில் அவன் கோயம்புத்தூரிலிருந்து போடிக்கு எத்தனையோ தடவை வந்து போயிருக்கிறான். வந்ததும் வீட்டிலேயே நல்ல நாற்காலியை அவனுக்குப் போடுவார். ஃபேனை அவன் பக்கம் திருப்பிவிடுவார். நெய்ச்சோறு, கறி, ஈரல் வறுவல் என்று அவரே பரிமாறுவார். மனைவி பாத்துமுத்து முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அடுப்படி வாசலில் நின்று, "இன்னும் ரெண்டு துண்டு வைங்க, மாப்ள கூச்சப்படுறாக" என்பாள். சாப்பிட்டதும் கைக்குத் தண்ணீர் ஊற்றுவதும் அவர்தான். அதற்கு மேல் பேச்சு நகராது.

"ரோட்டுல கூட்டமா மாப்ளே?"

"இல்லங்க மாமா."

"அங்கிட்டு மழ உண்டா?"

"லேசா பேஞ்சுச்சு மாமா."

அவ்வளவுதான். பிறகு இருவரும் டிவியைப் பார்ப்பார்கள்.

மருமகனிடம் அவருக்கு ஒரு குறை இருந்தது. நல்ல வேலை, நல்ல குணம், தப்பான பழக்கம் எதுவும் கிடையாது. ஆனால் காரில் வரமாட்டான்; எவ்வளவு தூரமானாலும் மோட்டார் சைக்கிள்தான். வண்டியின் பின்னால் எப்போதும் ஒரு பச்சை மூட்டை கட்டியிருக்கும். அதற்குள் கூடாரம் இருந்தது. லீவு கிடைத்தால் மலை, காடு என்று கிளம்பிப் போய்க் கூடாரம் அடித்துப் படுத்துவிட்டு வருவான். "வீடு வாசல் இல்லாத ஆளாட்டம் இது என்ன பழக்கம்?" என்று பாத்துமுத்துவிடம் மட்டும் முணுமுணுப்பார். அது மகள் ஆலியாவின் காதில் விழுந்தால் அன்றைக்கு அவள் அவரோடு பேசமாட்டாள்.

ஆலியா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த ஆடி மாதம். அவளைப் பார்க்க ஆரிப் சனிக்கிழமை இரவு வந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் இப்ராஹிமுக்கு மலையிலிருந்து போன் வந்தது. போடிமெட்டைத் தாண்டி, பூப்பாறை ரோட்டிலிருந்து ஜீப்புத் தடத்தில் இறங்கினால் அவருடைய சின்ன ஏலக்காய்த் தோட்டம். அங்கே காயெடுக்கிற பெண்களுக்குத் தலைவியாக இருக்கும் வேலுத்தாய் பேசினாள்.

"மொதலாளி, ராத்திரி அடிச்ச காத்துல பெரிய மரம் ஷெட்டு மேல சாஞ்சுருச்சு. கூரை பூராம் போச்சு. நல்லவேளை, உள்ள ஆள் இல்ல. நான் சந்தைக்குப் போறேன், நீங்க வந்து ஒரு எட்டு பாத்துருங்க."

வழக்கமாக ஜீப்பு ஓட்டும் சுருளிவேல் ராசிங்காபுரத்தில் ஒரு கல்யாண வீட்டுக்கு ஆள் ஏற்றிப் போயிருந்தான். இப்ராஹிம் போனை வைத்துக்கொண்டு கூடத்தில் இங்கும் அங்கும் நடந்தார்.

"நான் கூட்டிட்டுப் போறேன் மாமா" என்றான் ஆரிப்.

"அய்யய்யோ, நீங்க எதுக்கு மாப்ளே? நீங்க இருங்க. நான் பஸ்சுல போய்க்கிறேன்."

"அத்தா, அவங்களோட போயிட்டு வாங்க. பஸ்சுல எறங்கி அந்தத் தடத்துல எவ்வளவு தூரம் நடப்பீங்க?" என்றாள் ஆலியா. அவள் குரலில் இருந்தது கேள்வி இல்லை என்பது அவருக்குப் புரிந்தது.

மருமகன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து மலையேறுவது இப்ராஹிமுக்கு ஒரு மாதிரியாக இருந்தது. எங்கே பிடித்துக்கொள்வது என்று தெரியவில்லை. தோளைப் பிடிப்பது மரியாதையில்லை. இடுப்பைப் பிடிக்கவும் கூச்சம். பச்சை மூட்டையைப் பின்னால் அணைத்துப் பிடித்தபடி வளைவுக்கு வளைவு கலிமா சொல்லிக்கொண்டு போனார். அடிவாரத்தில் முந்தல் தாண்டியதும் வெயில் விட்டது. போடிமெட்டில் மூடுபனி முகத்தில் ஈரமாக அடித்தது.

தோட்டத்துக்குப் போய்ச் சேர மதியமாகிவிட்டது. மரம் ஷெட்டின் நடுவே விழுந்து கிடந்தது. ஓடுகள் நொறுங்கி, ஒரு சுவர் சாய்ந்து, உள்ளே நிற்கவே இடமில்லை. பக்கத்தில் ஏலச்செடிகளும் கொஞ்சம் நசுங்கியிருந்தன. இப்ராஹிம் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஆரிப் கேட்காமலே கிளைகளை இழுத்துப் போட்டு, செடிகள் மேல் கிடந்த ஓடுகளைப் பொறுக்கி ஓரமாக அடுக்கினான். "விடுங்க மாப்ளே, ஆளுக வந்து பாத்துக்குவாங்க" என்று அவர் சொல்லச் சொல்ல அவன் பாட்டுக்குச் செய்துகொண்டிருந்தான். பாத்துமுத்து கொடுத்துவிட்ட சோற்றை இருவரும் பாறையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

அஸர் தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி ஒளு செய்ய இப்ராஹிம் கீழே ஓடைக்கு இறங்கினார். இருபது வருடமாக இறங்கி ஏறுகிற சரிவு. ஆனால் இரவு மழையில் வழுக்கல் கூடியிருந்தது. வலது கால் ஒரு வேர்மேல் பட்டு மடங்க, ஏலத்தட்டைகளை முறித்துக்கொண்டு உருண்டு போய் ஓடைக்கரையில் விழுந்தார்.

"ஆரிப்பு! ஏய் ஆரிப்பு!"

இரண்டு வருடத்தில் முதல் தடவையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அது அவருக்கே உறைக்கவில்லை.

அவன் சரிவில் சறுக்கியபடியே வந்து சேர்ந்தான். கணுக்காலைத் தொட்டதும் அவர் கத்திவிட்டார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது வீங்கி வந்தது. ஆரிப் காய்ந்த தட்டை இரண்டை ஒடித்து, இரண்டு பக்கமும் வைத்துத் தன் துண்டால் இறுக்கிக் கட்டினான். பிறகு முதுகைக் காட்டிக் குனிந்தான்.

"ஏறுங்க மாமா."

"வேணாம் மாப்ளே. நான் எடை கூடின ஆளு. நீங்க போயி ஆளக் கூட்டிட்டு வாங்க..."

"மழை வருது மாமா. ஏறுங்க."

ஏறினார். மூச்சு வாங்க வாங்க, ஒவ்வொரு செடியாகப் பிடித்துப் பிடித்து, அவன் அவரை மேலே கொண்டுவந்து சேர்த்தான். வண்டியில் வைத்துக் கொண்டுபோய்விடலாம் என்றுதான் முதலில் பார்த்தார்கள். தடத்தின் முதல் ஏற்றத்திலேயே பின்சக்கரம் சேற்றில் சுழன்று வண்டி பக்கவாட்டில் போனது. தொங்கிய கால் ஒரு கல்லில் இடித்து, இப்ராஹிமுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஆரிப் வண்டியை நிறுத்தினான்.

"இப்படியே உங்கள ஏத்திட்டுப் போனா ரெண்டு பேரும் விழுவோம் மாமா. இன்னைக்கு இங்கதான் தங்கணும்."

"எங்க தங்குறது? ஷெட்டுதான் போச்சே."

ஆரிப் பச்சை மூட்டையின் கயிற்றை அவிழ்த்தான்.

ஷெட்டுக்கு மேலே, மரம் இல்லாத மேட்டில் ஒரு சமதளம் பார்த்து, கல்லைப் பொறுக்கி, கம்பிகளை வளைத்துச் செருகி, அவர் நாலு தடவை பெருமூச்சு விடுவதற்குள் கூடாரத்தை நிற்க வைத்துவிட்டான். அவரைத் தூக்கி உள்ளே படுக்கவைத்து, தன் பையைக் காலுக்கு அடியில் கொடுத்து உயர்த்தினான். சேற்றில் ஊறிய அவர் வேட்டியை மாற்றத் தன் லுங்கியைக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"இங்க சிக்னல் இல்ல. மேல ரோடு வரைக்கும் நடந்து போயி வீட்டுக்குச் சொல்லிட்டு வந்துடுறேன். பயப்படாதீங்க மாமா."

"எனக்கென்ன பயம்? நீங்க பாத்துப் போங்க. யானை நடமாட்டம் உண்டு."

அவன் போனதும் மழை பிடித்துக்கொண்டது. கூடாரத்தின் மேல் அது கொட்டிய சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை. இப்ராஹிம் தலைக்கு மேல் கையளவு தூரத்தில் இருந்த அந்தத் துணியையே பார்த்துக்கொண்டு கிடந்தார். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. இத்தனை நாள் எதை வீடு வாசல் இல்லாதவன் பழக்கம் என்று சொன்னோமோ, அதற்குள்தான் இப்போது காய்ந்த உடம்போடு கிடக்கிறோம் என்று நினைத்தார். வெட்கமாக இருந்தது. அதைவிட அவன் இன்னும் வரவில்லையே என்ற பயம் பெரிதாக இருந்தது. யா அல்லாஹ், அந்தப் புள்ளையப் பத்திரமாக் கொண்டாந்து சேர்த்துரு என்று வாய்விட்டுச் சொன்னார்.

இருட்டுகிற நேரத்தில் ஆரிப் நனைந்து வந்தான். சிரித்த முகம்.

"சுருளி அண்ணன்கிட்ட பேசிட்டேன். மூடுபனியில இப்ப ஜீப்பு ஏத்த முடியாதாம், விடிஞ்சதும் வந்துருவாரு. மாமிதான் அழுதுட்டாங்க. 'மாப்ளைக்கு யாரு சோறு போடுவா'ன்னு."

இப்ராஹிமுக்கு வலியிலும் சிரிப்பு வந்தது. "அவளுக்கு என் காலு ஒடிஞ்சது பெருசாத் தெரியல பாருங்க."

ஆரிப் பாட்டிலைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்ற, அவர் இருந்த இடத்திலேயே ஒளு செய்து, உட்கார்ந்தபடி மஃரிப் தொழுதார். பிறகு அவன் கூடார வாசலில் கையடக்கமான கேஸ் அடுப்பைப் பற்றவைத்து ரவையைக் கிளறினான். உப்பு கூடிவிட்டது. அப்படியும் அவர் வழித்துச் சாப்பிட்டார். டீக்குப் பக்கத்துச் செடியிலிருந்து பச்சைக் காய் இரண்டைப் பறித்து வந்து நசுக்கிப் போட்டான். காலமெல்லாம் ஏலக்காயில் புழங்குகிற மனுஷர், இப்படி ஒரு டீயைக் குடித்ததில்லை என்று நினைத்துக்கொண்டார்.

"மாப்ளே, ஒண்ணு கேக்கவா? வீட்டுல மெத்த இருக்கு, ஏசி இருக்கு. இதுல வந்து படுக்குறதுல என்ன இருக்கு?"

ஆரிப் டீயை ஒரு மடக்குக் குடித்தான். "நல்லாத் தூக்கம் வருது மாமா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். ஆலியாவும் அதத்தான் சொல்லுவா."

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டான். இப்ராஹிம் டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஆலியாவா? அவ எப்ப வந்தா?"

"போன வருசம் வாகமண் போனோம்ல மாமா... அப்ப லாட்ஜுல தங்குனோம்னு சொன்னது பொய். அவதான் மாமா சொல்லச் சொன்னா. இந்தக் கூடாரத்துலதான் ரெண்டு நாளு. ஊதா கலரு எடுங்கன்னுதான் சொன்னா, நான் பச்சை எடுத்துட்டேன். இன்னமும் திட்டுறா."

இருட்டில் நாய் குரைத்தாலே போர்வைக்குள் நுழைந்துகொள்ளும் பெண் அவருடைய ஆலியா. அவள் இப்படி ஒரு மேட்டில், இந்தத் துணிக்கு அடியில், இவனை நம்பித் தூங்கியிருக்கிறாள். விடிந்து எழுந்து டீ குடித்திருக்கிறாள். எந்த நிறம் என்று சண்டை போட்டிருக்கிறாள். மகள் சந்தோஷமாகத்தான் இருக்கிறாளா என்று போனில் குரலை வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த மனுஷருக்குப் பதில் வேறெங்கும் தேட வேண்டியிருக்கவில்லை.

"என்ன சொன்னா? பயப்படலையா?"

"மொத நாளு பூராம் என் சட்டையைப் பிடிச்சுட்டே இருந்தா. ரெண்டாவது நாளு நான் கூப்பிடக் கூப்பிட எந்திரிக்கல."

இப்ராஹிம் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்ததில் கால் அசைந்து "அல்லாவே" என்று கத்தினார். பிறகு மறுபடியும் சிரித்தார். அதற்கப்புறம் பேச்சுக்குப் பஞ்சமில்லை. ஆலியா சின்னதில் ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவே ஒளிந்துகொண்டு அப்படியே தூங்கிப்போனது, ஊரே தேடியது, எல்லாவற்றையும் சொன்னார். ஆரிப் விழுந்து விழுந்து சிரித்தான். படுக்குமுன் அவருக்கு வெளியே போகவேண்டியிருந்தது. கேட்க நாக்கு எழவில்லை. புரண்டு புரண்டு படுத்தார். அவனே புரிந்துகொண்டு, தூக்கிப் போய்க் கொண்டுவந்து விட்டான்.

இருந்த ஒரே கம்பளியையும் அவருக்கே போர்த்தினான். காற்று கூடாரத்தை உலுக்கிக்கொண்டிருந்தது. எப்போது தூங்கினோம் என்று இப்ராஹிமுக்குத் தெரியாது.

கண் விழித்தபோது சுபுஹுத் தொழுகை நேரம் தாண்டி, துணிக்குப் பின்னால் சாம்பல் நிறமாக வெளிச்சம் தெரிந்தது. பக்கத்தில் ஆரிப் இல்லை. தலையைத் தூக்கிப் பார்த்தார். கூடாரத்தின் மூலையில், பாதி உடம்பு உள்ளேயும் பாதி வெளியேயுமாக, மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். தலை முழங்காலில் சாய்ந்து கிடந்தது. கூடாரத்தின் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தான்.

"மாப்ளே! என்ன இது?"

அவன் திடுக்கிட்டு விழித்தான். "ஒண்ணுமில்ல மாமா. காத்துல இந்த மூலை முளை பிடுங்கிருச்சு. மண்ணு சகதியா இருக்கு, திரும்ப அடிச்சா நிக்கல. அதான்..."

"ராத்திரி பூராமா?"

"நடுவுல காத்து கொஞ்சம் நின்னுச்சு மாமா."

அவன் கையிலிருந்து கயிற்றை இப்ராஹிம் தானே அவிழ்த்தார். விரல்கள் வெளுத்துச் சுருங்கி, கயிறு பதிந்த இடம் சிவந்திருந்தது. அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துத் தேய்த்துச் சூடாக்கினார். நன்றி என்ற வார்த்தையை வீட்டு மனுஷரிடம் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

"என் மகளுக்கு நாந்தான் மாப்ள பாத்தேன்னு ஊரெல்லாம் பெருமை பேசிக்கிட்டிருந்தேன்" என்றார் கடைசியில். "நான் ஒண்ணும் பாக்கலப்பா. அல்லா பாத்துக் குடுத்தான். நான் சும்மா கல்யாணப் பிரியாணி போட்டேன்."

ஆரிப் தலையைக் குனிந்துகொண்டான். கையை இழுத்துக்கொள்ளவில்லை.

கொஞ்ச நேரத்தில் தடத்தில் ஜீப்பு முனகும் சத்தம் கேட்டது. சுருளிவேல் ஓட்ட, பக்கத்தில் மடியில் தூக்குவாளியோடு பாத்துமுத்து உட்கார்ந்திருந்தாள். வழியில் ஏறிக்கொண்ட வேலுத்தாய் முதலில் குதித்து இறங்கினாள்.

"ஷெட்ட விடுங்க மொதலாளி, சாரமில்ல, கட்டிக்கலாம்" என்று மலையாளத்தையும் கலந்து சொல்லியபடி வந்தவள், கூடாரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ளயா ரெண்டு ஆளு?" என்று வாயில் கைவைத்தாள்.

பாத்துமுத்து கணவரின் காலைப் பார்த்து அழுதாள். பிறகு மருமகனின் நனைந்த தலையைப் பார்த்து அதைவிடப் பெரிதாக அழுதாள். முக்காடு நழுவியதைக்கூடக் கவனிக்காமல் தன் முந்தானையாலேயே அவன் தலையைத் துவட்டிவிட்டாள். இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் சூடாக இருந்தன. எல்லோரும் சகதியில் நின்றபடியே சாப்பிட்டார்கள்.

இப்ராஹிமை ஜீப்பின் பின்சீட்டில் கால் நீட்டி உட்கார வைத்தார்கள். ஆரிப் கூடாரத்தைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்தான். போடிமெட்டிலிருந்து இறக்கத்தில் மூடுபனி இன்னும் விலகவில்லை.

"வெரசாப் போகவா மொதலாளி? ஆஸ்பத்திரியில கூட்டம் சேர்ந்துரும்" என்றான் சுருளிவேல்.

"வேணாம்ப்பா. மெதுவாவே போ" என்றார் இப்ராஹிம்.

கால் விண்விண்ணென்று தெறித்தது. அவர் ஜீப்பின் பின்பக்கப் படுதாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பனிக்குள் மங்கலாக ஒரு விளக்கு வளைவுக்கு வளைவு தங்களோடேயே இறங்கி வருவதைப் பார்த்துக்கொண்டே வந்தார். அது மறையும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டார். திரும்பத் தெரியும்போதெல்லாம் உதட்டுக்குள் "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிக்கொண்டார்.