மெதுவாகச் சொல்லுங்கள், மெஸ்யே

தஞ்சோங் பகார் துறைமுக வாசலில் பதுருன்னிசா நிற்பதைத் தங்கராஜு தூரத்திலேயே பார்த்துவிட்டார். கிடங்கின் பின்பக்கமாக நழுவிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தார். அதற்குள் அவள் சிரித்துவிட்டாள்.

"அண்ணே, சைகோன் கப்பல் காலையில வந்துடுச்சாம். போன தடவை உங்ககிட்ட பேசுனாரே, அந்த மருந்துக்கார வெள்ளைக்காரர், அவருகிட்ட இன்னொரு தடவை கேட்டுச் சொல்றீங்களா? கடுதாசி வரும்னு சொன்னாரு, ஒண்ணும் வரல. கோவிச்சுக்கப் போறாரு, தன்மையா கேளுங்க."

அவளுடைய கணவர் நூர்தீன் அந்தக் கப்பலின் சமையற்கட்டில் வேலை பார்த்தவர். ஆறு வாரங்களுக்கு முன் கப்பல் அவர் இல்லாமல் வந்தது. விசாரிக்க வந்த பதுருன்னிசாவைச் சரக்குக் குமாஸ்தாக்கள் கிடங்கில் வேலை பார்த்த தங்கராஜுவிடம் அனுப்பினார்கள். காரைக்காலில் படித்தவர், பிரெஞ்சு தண்ணீர்பட்ட பாடு என்று பெயர். அந்தப் பெயரை அவரே பரப்பியிருந்தார். ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பு. சிங்கப்பூர் வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிவிட்டது. அன்று கப்பலின் மருத்துவ உதவியாளர் படபடவென்று பேசியதில் 'லெத்ர்' என்ற ஒரு சொல்தான் பிடிபட்டது. கடிதம். திரும்பச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கலாம். பின்னால் மூன்று குமாஸ்தாக்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். "நல்லா இருக்காராம்மா, கடுதாசி போடுவாராம்" என்று சொல்லிவிட்டார்.

இப்போது கப்பலின் ஏணியில் ஏறும்போது, நேற்று முழுவதும் மனப்பாடம் செய்த வாக்கியத்தை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார். உதவியாளர் மேல்தளத்தில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பார்தோன், மெஸ்யே. மன்னிக்க வேண்டும், ஐயா. சென்ற முறை தாங்கள் சொன்னதைப் பற்றிக் கேட்க வந்தேன். எனக்குச் சரியாகப் புரியவில்லை. தயவுசெய்து மெதுவாகச் சொல்லுங்கள்."

அந்த மனிதர் அவரை வியப்போடு பார்த்தார். பிறகு குழந்தைக்குச் சொல்வதுபோல் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். நூர்தீனுக்கு நுரையீரலில் நோய். சைகோன் மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். மனைவியின் கடிதம் இருந்தால் மறுநாள் கப்பல் கிளம்புவதற்குள் கொண்டுவரச் சொன்னேன், நானே அவர் கையில் கொடுப்பதாகச் சொன்னேன். நீங்கள் வரவில்லை.

"கடிதம் இல்லாமல் அவர் கட்டிலருகே போய் நின்றேன். என் கையைப் பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்."

"இப்போது எப்படி இருக்கிறார்?"

"நான்கு நாளுக்கு முன் உயிரோடு இருந்தார்" என்றார் உதவியாளர். "நான்கு மணிக்குச் சைகோனுக்குத் திரும்பக் கிளம்புகிறோம்."

இறங்கும்போதே இன்னொரு பொய் வாயில் தயாராகிவிட்டது. வேலை அதிகமாம், அடுத்த மாதம் எழுதுவாராம். வாசலில் பதுருன்னிசா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கேட்டாள்:

"ரொம்ப நன்றின்னு சொன்னீங்களா அண்ணே?"

தங்கராஜு அவள் முகத்தைப் பார்க்காமல் எல்லாவற்றையும் சொன்னார். மருத்துவமனை, கடிதம், தனக்குப் பிரெஞ்சு புரியாதது. "கேட்டிருக்கணும்மா. வெக்கப்பட்டுட்டேன்."

லாரி ஒன்று ஹாரன் அடித்தது. இருவரும் ஒதுங்கி நின்றார்கள். அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. "மணி என்ன?" என்றாள்.

"மூணு அடிக்கப் போகுது."

"தாள் இருக்கா? எனக்கு எழுதத் தெரியாது. நீங்கதான் எழுதணும்."

சரக்குச் சீட்டு ஒன்றைத் திருப்பி, கிடங்குச் சுவரில் வைத்து எழுதினார். பிள்ளைகள் நலம். சின்னவள் நடக்க ஆரம்பித்துவிட்டாள். மருந்தை ஒழுங்காகச் சாப்பிடவும். அவள் நிறுத்தினாள்.

"முன்னாடி ஏன் கடுதாசி வரலைன்னு எழுதுங்க."

பென்சில் சற்று நின்றது. 'பிரெஞ்சு தெரிந்ததுபோல் நடித்த ஒருவர் தவறாகச் சொல்லிவிட்டதால்' என்று எழுதி, உரக்கப் படித்துக் காட்டினார்.

"பேரையும் எழுதுங்க" என்றாள்.

எழுதினார்.

ஓடிப்போய் உதவியாளரிடம் கொடுத்துவிட்டு வந்தார். அவள் வாசலைவிட்டு நகர்ந்து, கப்பல் தெரியும் இடமாகப் பார்த்து நின்றிருந்தாள். பக்கத்தில் போகத் துணியாமல் பத்தடி தள்ளி நின்றுகொண்டார். கரையில் இருந்தவர்கள் கப்பலைக் கட்டியிருந்த வடத்தை அவிழ்த்துவிட்டார்கள். அது நீரில் விழுந்தது. மேலிருந்தவர்கள் அதை ஈரம் சொட்டச் சொட்டக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்தார்கள்.