பைப்பு அதுதான், வண்டி அது இல்லை

டொமினிக்கின் ஹோண்டா சிட்டிக்கு நான் சத்தத்தை அடக்காத ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் மாட்டி முதல்முறை ஸ்டார்ட் செய்தபோது, பக்கத்துக் கடையில் அடுக்கி வைத்திருந்த முட்டைகளில் பதினொன்று பொரிந்து குஞ்சு வந்தது. பன்னிரண்டாவது கூமுட்டை. பெங்களூர் ஆஸ்டின் டவுனில் இதை ஒருவரும் நம்புவதில்லை. முப்பது வருஷமாக அங்கே சைலன்சர் பட்டறை நடத்துகிறேன். என் வெல்டிங்கை நம்புவார்கள், வாயை நம்பமாட்டார்கள்.

இது இரண்டாயிரத்து ஒன்றில் நடந்தது. டொமினிக் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். அவன் அப்பா ஓஸ்வால்ட், காக்ஸ் டவுனில் தன் தங்கை மரகதத்தோடு இருந்தார். நாற்பது வருஷம் சர்ச்சில் ஆர்கன் வாசித்தவர். சர்க்கரை வியாதி முதலில் அவர் கண்ணை எடுத்தது, பிறகு விரல் நுனிகளில் உணர்ச்சியை எடுத்தது. காதை மட்டும் ஏனோ விட்டுவைத்தது.

சைலன்சர் மாட்டுகிற அன்று அவரும் மகனோடு வந்து பட்டறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் பைப்பை வெல்ட் செய்து ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

“சத்தம் இன்னும் கீழே போகணும், கோவிந்து.”

“சார், இது ஆர்கன் இல்ல, சைலன்சர்.”

“ரெண்டும் பைப்புதானேப்பா.”

ஒரு அங்குலம் சேர்த்தேன். தலையாட்டல். இன்னொரு அங்குலம். பிற்பகல் முழுக்க இதே வேலை. ஏழாவது தடவை அவர் கையை உயர்த்தினார். ஈஸ்டர் பாட்டு முடியும்போது காலால் மிதிக்கிற கடைசிக் கட்டை இதேதான் என்றார். அந்த மாதிரிச் சத்தம் பெங்களூரில் வேறு வண்டிக்கு இல்லை. ரிச்மண்ட் சர்க்கிளில் டிராஃபிக் போலீஸ்காரர் அதற்குத் தொப்பியைக் கழற்றி நின்றதை நானே பார்த்தேன்.

அடுத்த வாரம் டொமினிக் காற்று இழுக்கிற பக்கத்தையும் மாற்றச் சொன்னான். கம்பெனி கொடுத்த ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, குழாயை நீட்டி, கூம்பு மாதிரி ஒரு ஃபில்டரை முன் பம்பருக்குள் அடியில் வைத்தேன். இன்ஜின் சூட்டுக்கு எட்டாத இடம். குளிர்ந்த காற்று கிடைக்கும், வண்டி பறக்கும். டொமினிக் குனிந்து பார்த்தான்.

“அங்கிள், இவ்வளவு கீழயா? மழைத் தண்ணி போகாதா?”

போகும். எனக்குத் தெரியும். மேலே வைத்தால் பேட்டரியை நகர்த்த வேண்டும், தகடு வெட்ட வேண்டும், அரை நாள் வேலை. “ஒரு ஜீப்புக்கு இப்படித்தான் வெச்சேன்பா. கபினி ஆத்துல முங்கிட்டு அந்தப் பக்கம் எழுந்து வந்துச்சு. ஃபில்டர்ல ரெண்டு மீனு இருந்துச்சு, அவ்ளோதான்” என்றேன். சிரித்தான். நம்பிவிட்டான்.

சனிக்கிழமைதோறும் நாலு மணிக்கு அவன் அப்பாவைப் பார்க்க வருவான். இரண்டு தெரு தள்ளியே ஓஸ்வால்டுக்குக் கேட்டுவிடும். “மரகதம், கஞ்சியைச் சூடு பண்ணு, பிள்ளை சர்ச் முனையில திரும்பிட்டான்” என்பார். மற்ற நாட்களில் பேருக்குச் சாப்பிடுவார். சனிக்கிழமைதான் முழுக் கிண்ணம்.

அக்டோபரில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. சாப்பாட்டையும் விட்டுவிட்டார். மரகதம் பயந்துபோய் ஒரு காரியம் செய்தார். மாடியில் குடியிருந்த பாலகுமார் வேலூர்ப் பையன், கம்ப்யூட்டர் வேலை, குரல் டொமினிக் மாதிரியே இருக்கும். அவனைக் கட்டிலருகே உட்காரவைத்து, “டாடி, வந்துட்டேன்” என்று சொல்லவைத்தார். இரண்டு நாள் கஞ்சி இறங்கியது. மூன்றாம் நாள் பாலகுமார் மறந்துபோய், “போதுமா சார்?” என்று கேட்டுவிட்டான்.

அன்றிலிருந்து ஓஸ்வால்ட் எந்தக் குரலையும் நம்பவில்லை. “பைப்பு சத்தம் கேட்டாத்தான் என் பிள்ளை. மத்ததெல்லாம் மாடிவீட்டுக்காரன்” என்றார்.

டாக்டர் அந்த வெள்ளிக்கிழமை மகனைக் கூப்பிடச் சொன்னார். சனிக்கிழமை மதியம் ஓசூரில் புறப்பட்ட டொமினிக்கோடு மழையும் சேர்ந்து புறப்பட்டது. மூன்று மணிக்கு ஒரு எஸ்.டி.டி. பூத்திலிருந்து எனக்குப் போன் செய்தான்.

“அங்கிள், ரயில்வே பாலத்துக்கு அடியில தண்ணி. முழங்கால் அளவுகூட இல்ல. டக்குனு ஒரு சத்தம், நின்னுடுச்சு. நான் வீட்டுக்கு ஓடறேன், வண்டியை நீங்க பாத்துக்கோங்க.”

வண்டியைப் பட்டறைக்கு இழுத்துவந்து பம்பரைக் கழற்றினேன். ஃபில்டர் கஞ்சியில் ஊறிய ரொட்டி மாதிரி இருந்தது. பிளக்குகளைக் கழற்றியதும் நாலு ஓட்டையிலும் தண்ணீர் பொங்கி வழிந்தது. உள்ளே பிஸ்டனைப் பிடிக்கிற கனெக்டிங் ராட் வளைந்திருக்கும், பார்க்கவே வேண்டாம். அதில் மீன் ஒன்றும் இல்லை.

ஐந்து மணிக்கு மரகதம் போன் செய்தார். அழுது முடித்த குரல்.

“கோவிந்தப்பா, பிள்ளை வந்து ஒண்ணரை மணி நேரமாவுது. பக்கத்துலயே உட்கார்ந்து டாடி டாடிங்கறான். இவர் மூஞ்சியைச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டு, ‘பாலகுமாரு, மேல போப்பா’ங்கறார். டாக்டர் நாளைக்குத் தாண்டாதுன்னுட்டார். இப்படியே போயிட்டா அந்தப் பிள்ளை என்ன ஆவும் சொல்லு.”

எனக்குத் தெரிந்தது பைப் வேலை ஒன்றுதான். அந்த ஹோண்டா சிட்டியிலிருந்து சைலன்சரைக் கழற்றி, என் பழைய ஃபியட்டுக்கு அடியில் படுத்து, இடையில் ஒரு குழாய்த் துண்டைச் சொருகி வெல்ட் அடித்து, கம்பியால் கட்டி மாட்டினேன். சர்ச் முனையில் திரும்பி, மெதுவாக, சனிக்கிழமை நாலு மணிக்கு வருகிற மாதிரியே அந்தத் தெருவுக்குள் ஓட்டிக்கொண்டு போனேன். வாசலில் இரண்டு தடவை ஆக்சிலரேட்டரை மிதித்து உறுமவிட்டு அணைத்தேன்.

உள்ளே போனேன். டொமினிக் தரையில் உட்கார்ந்திருந்தான். நனைந்த துணியை மாற்றி, பாலகுமாரின் லுங்கியைக் கட்டியிருந்தான். ஓஸ்வால்ட் முகத்தைச் சுவரிலிருந்து திருப்பியிருந்தார்.

“யாரு அந்தக் கழுதை?”

“கோவிந்தப்பா, சார்.”

“பைப்பு அதுதான். வண்டி அது இல்ல. ஃபியட்டு. மூணாவது பிளக் தூங்குது.” மூச்சு வாங்கியது அவருக்கு. “நீயும் என்னை ஏமாத்த வந்தியா?”

“ஆமா சார்.”

“பிள்ளை எங்கே?”

எத்தனையோ பதில் வாயில் வந்தது. எல்லாமே நன்றாக இருந்தன. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன்.

“வண்டி என் பட்டறையில செத்துக் கெடக்குது சார். காத்து இழுக்கற ஃபில்டரைக் கீழ வெச்சேன். தண்ணி போகாதான்னு தம்பி கேட்டான். கபினி ஆத்துல ஜீப்பு முங்கி வந்துச்சுன்னு சொன்னேன். அந்த ஜீப்பு கபினியைப் பார்த்ததே இல்ல. தண்ணி போகும்னு எனக்குத் தெரியும். மேல வெச்சா அரை நாள் வேலை, அதுக்குச் சோம்பல்பட்டேன். இன்னிக்கு பாலத்துக்கு அடியில இன்ஜின் தண்ணியைக் குடிச்சிடுச்சு. அதான் உங்களுக்குச் சத்தம் கேக்கல. பிள்ளை அங்கேயிருந்து மழையில ஓடி வந்தான். மூணரைக்கே வந்துட்டான் சார். கீழ உட்கார்ந்திருக்கான்.”

டொமினிக் என்னை நிமிர்ந்து பார்த்தான். ஜீப் விஷயம் அவனுக்கும் அப்போதுதான் தெரியும். அந்தப் பார்வையைப் பற்றி நான் கதை எதுவும் கட்டியதில்லை.

ஓஸ்வால்ட் காதை என் பக்கம் சாய்த்தார். வெளியே கூரைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“கோவிந்து, உன் கதை எத்தனை கேட்டிருப்பேன்?”

“நிறைய சார்.”

“ஒண்ணுலயாவது தப்பு உன் மேல இருந்ததா?”

யோசித்துப் பார்த்தேன். முட்டை, போலீஸ்காரர், மீன், எல்லாவற்றையும். “இல்ல சார்.”

“அப்ப இது கதை இல்ல” என்றார். முகத்தைத் தரைப் பக்கம் கொண்டுவந்தார். “டொமினிக்.”

“டாடி.”

“தலையைத் துவட்டினியாடா?”

“துவட்டிட்டேன் டாடி.”

“அத்தையைக் கஞ்சி கொண்டாரச் சொல்லு.”

நாலு ஸ்பூன் இறங்கியது. ஐந்தாவது வழிந்துவிட்டது. டொமினிக் அதைத் தன் கையாலேயே துடைத்தான். மறுநாள் காலை, இரண்டாவது பூசை மணி அடிப்பதற்கு முன் ஓஸ்வால்ட் போய்விட்டார்.

திங்கட்கிழமை அடக்கம். டொமினிக் என்னோடு பேசவே மாட்டான் என்று நினைத்திருந்தேன். பெட்டியை வண்டியில் ஏற்றிய பிறகு கிட்டே வந்தான்.

“அங்கிள், அந்த ஃபியட்டுல பின்னாடியே வாங்க” என்றான்.

கல்லறைத் தோட்டம் வரைக்கும் முதல் கியரிலேயே போனேன். பைப் அடித்தொண்டையில் முனகிக்கொண்டே வந்தது, மூணாவது பிளக் இன்னும் தூங்கியதால் நாலு அடிக்கு ஒன்று விட்டு விட்டு. புது பிளக் ஒன்று என் சட்டைப் பையில்தான் இருந்தது, காலையிலேயே எடுத்து வைத்திருந்தேன். மாட்டவில்லை. மாட்டியிருந்தால், பின்னால் வருவது யார் என்று அவருக்குத் தெரியாமல் போயிருக்கும்.