வெள்ளையடிக்காத வீடு

பெரிய மனசுக்காரி என்று பெயர் வாங்க ஆசைப்பட்டு நான் ஒரு மாதம் வெந்த கதை இது.

எங்கள் ஊர்க் காலநிலை மாற்ற விழிப்புணர்வுக் குழுவில் மொத்தம் ஏழு பேர். அவ்வளவு நீளப் பெயரைச் சொல்ல எவருக்கும் பொறுமை கிடையாது. ஊர் வாயில் அது வெயில் குழு. வருஷத்துக்கு வருஷம் சூடு ஏறுகிறது, அதற்கு நாமும் காரணம் என்று தெருத் தெருவாகத் தொண்டை கிழியக் கத்துவோம். "வெயில்னா அடிக்கத்தான் செய்யும், போம்மா" என்று அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். எனக்கு வருகிற கோபம் கொஞ்சநஞ்சமல்ல. என் மகள் தகரக் கூரைப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு. தினமும் தலைவலியோடு வந்து, பையை எறிந்துவிட்டுச் சுருண்டு படுத்துவிடுவாள். அந்தக் கூரைக்கு வெள்ளையடித்தால் உள்ளே சூடு குறையும் என்று ஊர்த் தலைவரிடம் போய்க் கேட்டோம்.

"ஒரு மாசம் எங்கயாவது அளந்து காட்டுங்க. அப்புறம் பாக்கலாம்" என்றார்.

அளப்பதற்கு எங்கள் வீடுகள்தான் வாகாக இருந்தன. ஒன்று எனக்கு, ஒன்று என் கொழுந்தனுக்கு. நடுவில் ஒரே சுவர், இரண்டும் ஒரே அளவு. குழுச் செயலாளரான மருந்துக்கடைக்காரர், "ஒண்ணுக்கு வெள்ளையடிக்கணும், இன்னொண்ணு அப்படியே கிடக்கணும். அப்பத்தான் வித்தியாசம் தெரியும்" என்றார். நான் கொழுந்தன் மனைவியைப் பார்த்து, "உன் வீட்டுக்கே அடிச்சுக்கோயேன்" என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன். 'வேண்டாங்க்கா, உங்க வீட்டுக்கே அடிங்க' என்று அவள் சொல்ல வேண்டாமா? "சரிக்கா" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு மாடியேறிவிட்டாள்!

முதல் வாரம் மருந்துக்கடைக்காரர் தினமும் மூன்று மணிக்கு வந்து இரண்டு வீட்டு வெப்பமானியையும் பார்த்து எழுதினார். அவள் வீட்டில் நான்கு டிகிரி குறைவு. எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் வயிற்றெரிச்சல். தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துத் துடைத்தே எனக்குக் கை ஓய்ந்தது.

இரண்டாம் வாரம் என் வீட்டுக்காரர், "தம்பிகிட்ட ஒரு விஷயம் பேசணும்" என்று கிளம்பினார். பேச்சுச் சத்தம் கேட்கவில்லை. குறட்டைதான் சுவரைத் தாண்டி வந்தது. அப்புறம் தெருக்காரர்கள், "வெப்பமானிய ஒரு பார்வை பாத்துட்டுப் போறோம்" என்று பாயோடு அவள் வீட்டுக்கு வந்தார்கள். வெப்பமானி பார்க்க எதற்குப் பாய்? அவள் முகம் சுளிக்காமல் எல்லோருக்கும் டீ போட்டாள். என்னையும் கூப்பிட்டார்கள். நான் அசையவில்லை. வீம்பு என்றால் வீம்புதான்.

ஊர்க்கூட்டத்துக்கு முதல் நாள் மருந்துக்கடைக்காரர் நோட்டோடு வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்தார். மூன்று மணிக்கு இரண்டு வீடும் ஒரே சூடு. ஆகாதா பின்னே? அந்தச் சின்ன அறையில் பதினேழு பேர், போதாததற்கு ஓயாமல் எரியும் டீ அடுப்பு!

"முதல் வாரத்த மட்டும் வாசிச்சிடலாமேக்கா" என்று கொழுந்தன் மனைவி கிசுகிசுத்தாள்.

"வாய மூடுடி. பொய் சொல்றதுக்கா ஒரு மாசம் வெந்தேன்?" என்று எரிந்து விழுந்தேன்.

மறுநாள் கூட்டத்தில் நானே வாசித்தேன், ஒரு நாள் விடாமல். கடைசி நாள் அளவு வந்ததும் தலைவர் எழுந்துவிட்டார். "அப்ப அடிச்சாலும் அடிக்காட்டியும் ஒண்ணுதான். பள்ளிக்கூடத்துக்கு எதுக்கு வீண் வேலை?"

மகளின் வாடின முகம் கண்முன் வந்தது. அடுத்த நொடியே கோபம் வந்தது.

"தலைவரே, உக்காருங்க. நேத்து மூணு மணிக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"அது... சரியா அளக்கறாங்களான்னு பாக்க வந்தேன்."

"பாத்தீங்களா?"

"கொஞ்சம் கண்ணசந்துட்டேன்."

"யார் வீட்டுல?"

அவர் பதில் சொல்வதற்குள் கூட்டம் கொல்லென்று சிரித்துவிட்டது.

"என் வீடும் காலியாத்தானே கிடந்துச்சு? ரெண்டும் ஒண்ணுன்னா ஒருத்தராவது அங்க வந்து படுத்திருக்கலாமே! ஒருத்தரும் எட்டிப் பாக்கலை. குளுகுளுன்னு இருந்த வீட்டுக்குள்ள பதினேழு பேர் புகுந்து சூடாக்கிட்டு, இப்ப வெள்ளையடிச்சது தப்புங்கறீங்க. மனுஷங்க சேர்ந்துதான் சூடேத்தறோம்னு ஒரு வருஷமா கத்தறோம், யாரு நம்பினீங்க?"

தலைவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சரி தாயே, ஆள விடு. ஞாயித்துக்கிழமையே அடிச்சிடுவோம்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை முதல் ஆளாக ஏணியில் ஏறினார். இருந்த வெள்ளை எல்லாம் பள்ளிக்கூடத்துக்கே சரியாகப் போனது. என் வீட்டுக்கு ஒரு கை கூட மிஞ்சவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் மகள் வந்தாள். வழக்கம் போல் பையை எறிந்தாள். ஐயோ, இவ்வளவு பாடுபட்டும் இப்படியா என்று எனக்கு அழுகை முட்டியது. தைலத்தை எடுக்கத் திரும்பினேன்.

"அம்மா, இங்க ஒரே புழுக்கம். நான் பள்ளிக்கூடத்துக்கே போறேன்" என்று ஒரே ஓட்டமாக ஓடிவிட்டாள்.