சாறு மூடிய கண்ணாடி

கசங்கிய தேயிலைக் கொழுந்தின் சாறு இருக்கிறதே, கர்மம், எதில் தெறித்தாலும் பச்சையாக ஒட்டி, காய்ந்து கறுத்து, புளித்து நாறும். 1986இல் அந்தச் சனியனோடு மல்லுக்கட்டியே எனக்குச் சோறு இறங்காமல் போயிற்று.

எஸ்டேட் பேக்டரியில் கொழுந்து அரைக்கும் ரோலர், அதில் வேலை செய்த செல்லத்தின் இரண்டு விரல்களைத் தின்றிருந்தது. இப்போது அங்கே நின்று கொழுந்தைத் தள்ளிவிடுபவள் மணியம்மா. பக்கத்து ஊரான ரிங்லெட்டில் ரேடியோக் கடை வைத்திருந்த என்னைக் கூப்பிட்டு, கை உள்ளே போனால் ரோலர் தானாக நிற்கும்படி ஏதாவது செய்யச் சொன்னார்கள். ரோலர் வாயின் ஒரு பக்கம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை விடும் சின்ன விளக்கு வைத்தேன். எதிர்ப்பக்கம் அதை வாங்கும் கருவி. நடுவில் கை மறித்தால் ரோலர் நின்றுவிடும்.

அது சுலபம். இரண்டுக்கும் முன்னால் வைக்கும் கண்ணாடிதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. சாதாரணக் கண்ணாடியில் பேக்டரி விளக்கு வெளிச்சமும் நுழைந்து கருவியைக் குழப்பியது. அகச்சிவப்பை மட்டும் விடும் கறுப்பு பிளாஸ்டிக்கைப் பினாங்கிலிருந்து வரவழைத்தேன். சாறு அதையும் மூடியது. ஒளி போகாமல் ரோலர் சும்மா சும்மா நின்றது. அதை ஒரு குழிக்குள் தள்ளி வைத்து, சாறு வழிந்தோடச் சாய்த்து, கழற்றிக் கழுவும்படி செய்தேன். அப்படியும் அடிக்கடி நிறுத்தித் துடைக்க வேண்டும். அதற்கே பேக்டரி மேனேஜர் துரைக்கு எரிந்தது.

ஒரு மாதம் கழித்துப் போனேன். குழியெல்லாம் சாறு அப்பி, மேலே பூஞ்சை பூத்திருந்தது. ஆனால் ரோலர் ஓடிக்கொண்டிருந்தது. ஒளி போக வழியில்லை, எப்படி ஓடும்? சுவிட்சுப் பெட்டியைத் திறந்தேன். விளக்கையும் கருவியையும் பிடுங்கி, பெட்டிக்குள் எதிரெதிரே வைத்து டேப் ஒட்டியிருந்தார்கள். சீ, மனுசங்களா இவர்கள்! நடுவில் எந்தக் கையும் வரவே முடியாது.

அந்த நேரம் பார்த்துத் துரை கோலாலம்பூர் விருந்தாளிகளோடு வந்தார். இது நம்ம கிரகரி செய்தது, கை போனால் உடனே நின்றுவிடும் என்று என் தோளைத் தட்டிப் பெருமை பேசினார். தோளைக் கழுவ வேண்டும் போலிருந்தது.

"துரை, நீங்களே கைய விட்டுக் காட்டுங்க லா," என்றேன்.

துரையின் கை கால்சட்டைப் பைக்குள் போயிற்று.

மணியம்மா அந்தப் பையையே பார்த்தாள். பிறகு ரோலரை நிறுத்தினாள்.

"ஒரு மாசமா அது நிக்கும்னு நம்பித்தான் வாய் வரைக்கும் கைய விட்டேன், துரை," என்றாள்.