தலைகீழாய் நின்ற வெல்வெட்

கிட்டே வாருங்கள், என் கண்ணுகளா. கால் நீட்ட வேண்டியவர்கள் நீட்டிக்கொள்ளுங்கள், கொட்டாவி வந்தால் தாராளமாக விடுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். முன்னுக்கு வரப்போகிறவளை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். முடியும் என்கிறேன் நான். எப்படி என்பதற்கு ஒரு திரைச்சீலைக் கதை வைத்திருக்கிறேன்.

ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள் இருவர் ஒரே தையல் பட்டறையில் வேலை பார்த்தார்கள். இளையவளை எல்லோரும் மின்னல் என்பார்கள். துணி அவள் மெஷினுக்குள் போவதுதான் தெரியும், வெளியே சட்டையாக வந்து விழும். மூத்தவளுக்கு வைத்த பெயர் பிரிச்சு. தைத்ததைத் திருப்பிப் பார்ப்பாள். ஒரு தையல் கோணியிருந்தாலும் உட்கார்ந்து பிரிப்பாள், மறுபடி தைப்பாள். அதற்காக மூக்கைச் சிந்த மாட்டாள், தலையெழுத்தைத் திட்டவும் மாட்டாள். கீரை ஆய்வதுபோல நூலை நூலாக எடுத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவளிடம் கதை பேசிக்கொண்டிருப்பாள்.

மாமியாருக்கு இது பொறுக்காது.

"சின்னவ தைச்சா துணி, பெரியவ தைச்சா பஞ்சு. பிரிச்சுப் பிரிச்சு மறுபடி செடிக்கே கொண்டுபோய் விட்டுடுவா."

பிரிச்சு சிரித்துக்கொள்வாள். ஆனால் அவளுக்கும் ஓர் ஆசை இருந்தது. பட்டறை அம்மா அடுத்த தெருவில் இன்னொரு பட்டறை திறக்கப் போகிறார். அதன் பொறுப்பு இந்த இருவரில் ஒருத்திக்கு. "புதுப்பிச்ச நாடக அரங்கத்துக்குத் தைக்கிற திரை முடியட்டும், அரங்கத் திறப்புவிழா அன்னைக்குச் சொல்றேன்" என்றிருந்தார். பிரிச்சு அந்தப் புது அறையை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். வெட்டும் மேசையை எந்த ஜன்னலோரம் போடலாம் என்றுகூட மனதுக்குள் முடிவு பண்ணிவிட்டாள். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

திரை சிவப்பு வெல்வெட். வெல்வெட் பூனை முதுகு மாதிரி. ஒரு பக்கமாகத் தடவினால் வழுவழுக்கும், எதிர்ப்பக்கம் சொரசொரக்கும். ஒரு துண்டு தலைகீழாகப் போனாலும் வெளிச்சத்தில் அது மட்டும் வேறு நிறமாகத் தெரியும். அதனால் வெட்டுகிறவள் தடவிப் பார்த்து, முதுகுப்பக்கம் சாக்பீஸால் அம்புக்குறி போட வேண்டும் என்பது பட்டறை வழக்கம். வெட்டுகிற வேலை பிரிச்சுவுக்கு. கடைசித் துண்டை வெட்டும்போது மின்னல் பக்கத்தில் வந்து நின்றாள்.

"என்னக்கா, தடவுறியா, தாலாட்டுறியா? எங்க மெஷினெல்லாம் தூங்குது."

எல்லோரும் சிரித்தார்கள். என்றைக்கும் ஒட்டாத கேலி அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. புது அறை கண்ணில் ஆடியது. நானும் வேகந்தான் என்று காட்ட நினைத்தாள். தடவாமலே அம்பு போட்டாள். எந்தப் பக்கம் போட்டாள் என்பது திறப்புவிழாக் காலையில் தெரிந்தது.

திரையை மாட்டியாயிற்று. விளக்குக்காரர் மேடை விளக்குகளைப் போட்டார். நட்டநடுவில் ஒரு துண்டு மட்டும், புதுச் சட்டையில் வைத்த ஒட்டுப்போல, கருஞ்சிவப்பாக நின்றது. பட்டறை அம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒருத்தி துணி வந்த கடையைத் திட்டினாள். இன்னொருத்தி விளக்கைத் திட்டினாள்.

பிரிச்சு புது அறையும் ஜன்னலும் மேசையும் கண்ணெதிரே கைநழுவிப் போவதைப் பார்த்தாள். மேடையேறி அந்தத் துண்டைக் கீழ்முகமாகத் தடவினாள். சொரசொரத்தது.

"விளக்கை ஏன் திட்டுறீங்க. என் கைதான். தடவிப் பாக்காம வெட்டிட்டேன்."

அரங்க மேலாளர் கைக்கடிகாரத்தைத் தட்டினார். "சாயங்காலம் விழா. கழட்டிடுங்க, பழைய திரையே இருக்கட்டும்."

"இந்த ஒரு துண்டை மட்டும் பிரிச்சு, மேல் கீழா மாத்திடலாம் சார்."

"வெல்வெட்டைப் பிரிச்சா தழும்பு விழுமே" என்றார் பட்டறை அம்மா ஈனக்குரலில்.

"எல்லார் கைக்கும் விழும்மா. என் கைக்கு விழாது. நான் பிரிக்காத துணி இந்த ஊர்ல உண்டா?"

நொந்து உட்கார்ந்திருந்த பட்டறை அம்மாகூடச் சிரித்துவிட்டார். மேலாளரும் தலையசைக்க, திரையை இறக்கி மேடையிலேயே விரித்தார்கள். பட்டறையிலிருந்து ஒரு மெஷினும் இஸ்திரிப்பெட்டியும் வந்து சேர்ந்தன. பிரிச்சு சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அப்போது பார்க்க வேண்டுமே அந்தக் கையை! முன்றானை முடிச்சை அவிழ்ப்பதுபோல அத்தனை லகுவாக, ஊசிமுனையால் ஒரு தூக்கு, விரலால் ஓர் இழுப்பு. முழநீள நூல் அறுபடாமல் கையோடு வந்தது. தைப்பதில் ஆமையாக இருந்தவள் பிரிப்பதில் குதிரையாக இருந்தாள். தன் தப்பைத் தானே ஆயிரம் தரம் அவிழ்த்த கை அல்லவா! பக்கத்தில் ஒருத்தியை உட்காரவைத்து, ஆவி இஸ்திரிப்பெட்டியைத் துணியில் படாமல் பிடிக்கச் சொன்னாள். நசுங்கிய வெல்வெட் மயிரெல்லாம் ஆவி பட்டு எழுந்து நின்றது.

பிரித்தாயிற்று. இனித் தைக்க வேண்டும். பிரிச்சு வெளியே எட்டிப் பார்த்தாள். வெயில் சாய ஆரம்பித்துவிட்டது. தன் வேகத்துக்குத் தைத்தால் விழா முடிந்த பிறகுதான் திரை ஏறும். எந்த ஓரகத்தியோடு புது அறைக்குப் போட்டியோ, அவளிடமே போனாள்.

"இதை நீதான் தைக்கணும்டி. எனக்கு அந்த வேகம் இல்ல."

மின்னல் இடுப்பில் கை வைத்தாள். "நல்லா இருக்கே கதை. தப்பு உன்னோடது, தையல் என்னோடதா? நாளைக்குப் பேரு யாருக்கு?"

"பேரை நீயே எடுத்துக்க. திரை மட்டும் ஏறட்டும்."

மின்னல் இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். பிறகு மெஷினை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "பழைய ஊசி ஓட்டை வழியாவே போகணுமா?"

"அதே வழிதான். நான் பிடிச்சுக்கறேன், நீ ஓட்டு."

ஒருத்தி பிடிக்க, ஒருத்தி ஓட்ட, கடைசி முடிச்சு விழுந்தபோது வாசலில் வண்டிகள் வந்து நிற்கத் தொடங்கிவிட்டன. கயிறு இழுபட்டது. விளக்குகள் எரிந்தன. திரை முழுவதும் ஒரே சிவப்பு, ஒரே மினுக்கம். இருக்கை நிரம்பியிருந்த அரங்கம் திரைக்கே கை தட்டியது! பின்னால் நின்ற மாமியார் பக்கத்திலிருந்தவரிடம், "ரெண்டும் என் மருமகளுங்கதான்" என்று கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தார்.

பட்டறை அம்மா நேரே வந்து புது அறையின் சாவியைப் பிரிச்சுவின் உள்ளங்கையில் வைக்கப் போனார். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"தப்பு பண்ணினது நான்தானேம்மா."

"பண்ணாதவ யாரும்மா? மத்தவங்க விளக்கைத் திட்டினாங்க. நீ உன்னோடதுன்னு சொன்ன, உக்காந்து சரி பண்ணின, உனக்கு வராததை வர்றவகிட்டப் போய்க் கேட்ட. ஒரு பட்டறையை நடத்த இதுக்கு மேல என்ன வேணும்?"

மின்னலின் முகம் கொஞ்சம் வாடியது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவளே சாவியை வாங்கி அக்காவின் இடுப்பில் செருகிவிட்டாள்.

"சரிக்கா, அங்கே எனக்கு எந்த மெஷின்?"

"ஜன்னலோரம் எது புடிக்குதோ அது."

இருவரும் கைகோத்துக்கொண்டு புது அறை இருந்த தெரு வழியாகப் போனதைப் பார்த்தவர்கள், ராணிகள் இருவர் நடந்து போனார்கள் என்றுதான் சொன்னார்கள்.

என் கண்ணுகளா, உங்கள் வீட்டில் தைப்பதெல்லாம் நிலைக்கட்டும். பிரிக்க வேண்டியது வந்தால் பிரிக்கிற கைக்கு நடுக்கம் இல்லாமல் இருக்கட்டும். அண்ணன் தம்பி, அக்கா தங்கை, வந்த மருமக்கள் எல்லோரும் ஒரே சிவப்பாய் மினுங்கி, குலை தள்ளிய வாழைபோல் உங்கள் குடும்பம் தழைக்கட்டும்.